டாய் கேமராவைப் பிரித்து இன்ஃப்ராரெட் படம் எடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். காரைக்குடியில் பழைய சாமான் கடையில் சல்லிசாகக் கிடைத்த குட்டி டிஜிட்டல் கேமரா ஒன்றை நானே பிரித்திருக்கிறேன். ஃபிளாஷ் உள்ள மாடலை மட்டும் தொடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை நிற்கும்.

நம் பார்வை சுமார் 700 நானோமீட்டர் அலைநீளத்தோடு சரி; அதற்கு மேல் இருப்பதுதான் இன்ஃப்ராரெட். கேமராவில் படத்தைப் பதியும் சிலிக்கான் சென்சாருக்கு 1,100 வரை தெரியும். அந்த மிச்சத்தைத் தடுக்கத்தான் லென்ஸுக்குப் பின்னால் சின்னக் கண்ணாடிச் சில்லு ஒட்டியிருக்கும். லென்ஸைத் திருகிக் கழற்றி, ஊசியால் மெல்ல நெம்புங்கள். எனக்கு நொறுங்கித்தான் வந்தது. பரவாயில்லை, குப்பைக்குப் போகிற பொருள்தானே. சென்சாரில் தூசி விழாமல் பார்ப்பதுதான் பெரும்பாடு. டிவி ரிமோட்டை அழுத்தினால் அதன் இன்ஃப்ராரெட் விளக்கு கேமராவில் முன்னைவிடப் பளிச்சென்று தெரியவேண்டும். ஃபோகஸ் நகர்ந்திருக்கும், லென்ஸைத் திருகித் திருகிச் சரிசெய்யுங்கள்.

சாதாரண வெளிச்சத்தை மறைக்க, டெவலப் செய்த கலர் நெகட்டிவின் கறுத்த நுனித் துண்டு இரண்டை லென்ஸ் முன் ஒட்டினேன். கானாடுகாத்தான் வீதியில் உச்சி வெயிலில் எடுத்த படத்தில் வேப்பமரம் பனி மூடியதுபோல் வெளுத்து, வானம் கறுத்து நின்றது. செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றமான வளவுக்குள் ஆத்தங்குடித் தரைக் கல்லை எடுத்ததுதான் ஏமாற்றம்: நிழலில் வெளிச்சம் போதாமல் படமெல்லாம் வெறும் புள்ளி.