ஊட்டி ஹோட்டலில் அப்ரண்டிஸ்: முதலில் ஒப்பந்த நகலைக் கேளுங்கள்

தம்பி, பிளஸ் டூ முடித்து ஊட்டி ஹோட்டல் கிச்சனில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து நாலு மாதமாக வெங்காயம்தான் உரிக்கிறேன், காசும் தரவில்லை, விட்டுவிட்டு கேட்டரிங் காலேஜ் போகவா என்று கேட்டிருந்தீர்கள். வெங்காயத்துக்காக விடாதீர்கள். கத்தி கைக்குப் பழகி, ஒரு மூட்டை வெங்காயமும் ஒரே அளவில் விழும்வரை நல்ல செஃப் யாரும் அடுப்புப் பக்கம் விடமாட்டார்.

ஆனால் காசே தராதது அநியாயம். 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும், அதில் 25 சதவீதத்தை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கும் திட்டமும் இருக்கிறது. நாளைக்கே மேனேஜரிடம் ஒப்பந்த நகலைக் கேளுங்கள். மழுப்பினால் அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிந்துவிட்டு குன்னூர், கோயம்புத்தூர் என்று வேறு இடம் பாருங்கள். காலேஜ் ஃபீஸ் கட்டுப்படியாகாது என்றால் ஐடிஐ-யில் உணவுத் தயாரிப்புக்கு ஒரு வருடப் படிப்பு உண்டு.

அப்புறம் ஒன்று, ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் திறந்த பாத்திரத்தில் பருப்பு அவ்வளவு நேரம் எடுக்கிறது, குளிரில் பிரெட் மாவும் மெதுவாகத்தான் எழும்பும். இங்கே பழகிய நேரக்கணக்கை அப்படியே கீழே கொண்டுபோனால் எல்லாம் குழைந்துவிடும், ஆகவே கடிகாரத்தை நம்பாமல் பருப்பை விரலில் நசுக்கிப் பார்த்தே பழகுங்கள். வெங்காயத்தில் கை பழகிவிட்டது என்றால் அடுப்புக்கு மாற்றச் சொல்லி இப்போதே கேளுங்கள், ஏப்ரல் மே சீசன் வந்துவிட்டால் சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.