எலும்பு முறிவு ஆறுவதில் ஹார்மோனுக்குப் பங்கு உண்டா?

மாவுக்கட்டு போட்ட பிறகு எலும்பு கூடுவதில் ரத்தத்தில் ஓடும் ஹார்மோனுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறையும், பிறகு குருத்தெலும்பு போல மெத்தென்று திசு வளரும், அப்புறம்தான் அதில் கால்சியம் ஏறிக் கெட்டியாகும்.

இதில் என்னை வியக்க வைப்பது பாராதைராய்டு ஹார்மோன். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னஞ்சிறு சுரப்பிகள் தருவது. எந்நேரமும் அதிகமாக இருந்தால் எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை எடுத்துவிடும். அதையே தினம் ஒருமுறை ஊசியாகப் போட்டால் எலும்பு கட்டும் செல்கள் சுறுசுறுப்பாகிவிடுகின்றன! டெரிபராடைடு என்ற எலும்புத் தேய்வு மருந்து இப்படித்தான் வேலை செய்கிறது.

கார்டிசோல் என்ற இன்னொரு ஹார்மோன் நேரெதிர்; அதிகமானால் எலும்பு கட்டும் வேலையைக் குறைத்துவிடும். அதைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மாத்திரையை நீண்டநாள் சாப்பிடுபவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் முறிவு ஆறத் தாமதமாகலாம். மருத்துவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.