கேள்வி-பதில்: கோதுமையும் அதன் காட்டுச் சொந்தங்களும்

பயிர்களின் காட்டு இனங்களைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோதுமையைப் பற்றியே இருந்ததால், இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆயிரக்கணக்கான கோதுமை ரகங்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே, அவற்றுக்குள்ளேயே கலந்து புது ரகம் எடுத்தால் போதாதா? காட்டுப் புல்லைத் தேடிப் போவது ஏன்?

ரகங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அத்தனையும் ஒரு சின்னக் குடும்பத்தின் வாரிசுகள், அதுதான் சிக்கல். சுமார் 8,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு, காஸ்பியன் கடலின் தென்கரைப் பக்கம், மனிதர்கள் பயிரிட்டுக்கொண்டிருந்த எம்மர் கோதுமையும் அங்கே களையாக நின்ற ஏஜிலாப்ஸ் டாஷியை என்ற புல்லும் தாமாகவே கலந்தன. எம்மருக்கு 28 குரோமோசோம்கள், புல்லுக்கு 14, இரண்டும் சேர்ந்து 42. இன்று ரொட்டி மாவாகும் கோதுமை இதுதான். அப்படி நடந்த கலப்புகள் மிகச் சில என்பதால், துருக்கி தொடங்கி சீனாவின் மேற்குப் பகுதி வரை பரவிக் கிடக்கும் அந்தப் புல்லின் வளத்தில் ஒரு துளிதான் கோதுமைக்குள் வந்து சேர்ந்தது. மிச்சமெல்லாம் வெளியிலேயே நின்றுவிட்டது.

அப்புறம் வந்து சேர்ந்ததையும் நாம் சல்லடையில் போட்டுச் சலித்தோம். எம்மரின் மூதாதையான காட்டு எம்மரின் கதிர் முற்றிவிட்டால் விரல் பட்டாலே துண்டு துண்டாக உதிர்ந்துவிடும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நீளமான மீசைகள் இருக்கும், அவை பகல் வெயிலில் காய்ந்து வெளிப்புறமாக வளையும், இரவு ஈரத்தில் நிமிர்ந்து நெருங்கும். இப்படி நாள்தோறும் அசைந்து அசைந்தே மணியை மண்ணுக்குள் இறக்கிவிடும். செடிக்கு இது அருமையான ஏற்பாடு, அறுவடை செய்கிறவனுக்குப் பெரும் நஷ்டம். அதனால் உதிராத கதிர்களையே பொறுக்கி விதைத்து வந்தார்கள். பிறகு மணி பெரிதாக இருப்பது, உமி சுலபமாகக் கழல்வது என்று தேர்வு தொடர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு தேர்விலும் வேண்டியது கிடைத்தது, கூடவே கவனிக்காத பலவும் கைவிட்டுப் போயின. நோய் எதிர்ப்பு, உப்பு நிலத்தைத் தாங்கும் குணம், மணியில் உள்ள சத்து எல்லாமே அந்தக் கணக்கில் வரும்.

சத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். காட்டு எம்மரில் இருக்கும் ஒரு மரபணு, இலையில் உள்ள புரதம், துத்தநாகம், இரும்பு ஆகியவற்றைக் கதிர் முற்றும் நேரத்தில் மணிக்கு அனுப்பச் செய்கிறது. இதை 2006-இல் அடையாளம் கண்டபோது தெரிய வந்த விஷயம், இப்போதைய கோதுமை ரகங்கள் பெரும்பாலானவற்றில் அந்த மரபணு வேலை செய்வதே இல்லை என்பது. இல்லாத ஒன்றை நம் ரகங்களுக்குள்ளேயே எத்தனை தலைமுறை தேடினாலும் கிடைக்காது.

காட்டுப் புல்லோடு எப்படிக் கலக்கிறார்கள்? மகரந்தத்தைத் தூவினால் போதுமா?

தொடக்கம் அதுதான், ஆனால் அதற்கே பொறுமை வேண்டும். கோதுமைப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பூ. அதனால் பூ முதிர்வதற்கு முன்பே ஒவ்வொரு பூவின் உமியையும் விலக்கி, உள்ளே இருக்கும் மூன்று மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். ஒன்று தப்பினாலும் முயற்சி வீண். பிறகு கதிருக்கு உறை போட்டு, இரண்டு மூன்று நாளில் சூல்முடி இறகு மாதிரி விரிந்ததும் காட்டுப் புல்லின் மகரந்தத்தைத் தடவுவார்கள்.

தூரத்துச் சொந்தமாக இருந்தால் விதை பிடிக்கும், ஆனால் கருவுக்கு உணவு தரும் பகுதி சரியாக வளராமல் கரு செத்துவிடும். அதற்காக இரண்டு மூன்று வாரத்திலேயே அந்தப் பிஞ்சுக் கருவைப் பிரித்தெடுத்து, சத்துக் கூழில் வைத்து ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள். வளர்ந்து செடியானாலும் மலடாக இருக்கும், ஏனென்றால் குரோமோசோம்களுக்கு ஜோடி இல்லை. கோல்ச்சிசின் என்ற மருந்தால் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் அது விதை தரும். எம்மரின் நெருங்கிய சொந்தமான துரம் கோதுமையையும் ஏஜிலாப்ஸ் டாஷியையும் இப்படிச் சேர்த்து, இயற்கை எப்போதோ செய்த கலப்பைத் திரும்பச் செய்திருக்கிறார்கள். மெக்சிகோவில் உள்ள சிம்மிட் என்ற பன்னாட்டுக் கோதுமை, மக்காச்சோள ஆய்வு நிறுவனம் இந்த வழியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செயற்கைக் கோதுமைகளை உருவாக்கியது. அவற்றின் வழியில் வந்த ஒரு ரகம், சுவான்மாய் 42, சீனாவின் சிச்சுவானில் 2003-இல் வெளியாகி நல்ல விளைச்சல் தந்தது.

இன்னொரு தடையும் உண்டு. கோதுமைக்குள் ஒரு மரபணு காவல் நிற்கிறது, ஒரே வகைக் குரோமோசோம்கள் மட்டுமே ஒன்றோடொன்று ஜோடி சேர அது விடும், காட்டுப் புல்லின் குரோமோசோமை அண்ட விடாது. இந்தக் காவலை மீற அமெரிக்காவின் எர்னஸ்ட் சியர்ஸ் எடுத்த வழி எக்ஸ்ரே. ஏஜிலாப்ஸ் அம்பெல்லுலாட்டா என்ற புல்லின் குரோமோசோமை ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்த கோதுமைச் செடிகளில் எக்ஸ்ரே பாய்ச்சி, குரோமோசோம்கள் உடைந்து தாறுமாறாக ஒட்டிக்கொள்ளும்படி விட்டார். பிறகு ஆயிரக்கணக்கான சந்ததிச் செடிகளைச் சோதித்து, இலைத் துரு என்ற பூஞ்சை நோயை எதிர்க்கும் துண்டு மட்டும் ஒட்டிய கோதுமையைப் பிரித்தெடுத்தார். 1956-இல் வெளிவந்த அந்த வேலையை எப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்புதான்.

நல்ல குணத்தோடு காட்டுச் செடியின் கெட்ட குணமும் சேர்ந்து வராதா?

வரும். நல்ல மரபணுவுக்குப் பக்கத்தில் இருப்பவையும் ஒட்டிக்கொண்டே வரும். கோதுமையின் காட்டுச் சொந்தமான உயரமான ஒரு கோதுமைப்புல்லிலிருந்து வந்த துரு எதிர்ப்பு மரபணு ஒன்று மாவை மஞ்சளாக்கிவிட்டது. வெள்ளை மாவுக்கு அந்த ரகம் ஆகாது என்று ஒதுக்கப்பட்டு, பிறகு கனடாவில் மரபணு மாறியதால் மஞ்சள் குறைந்த பிறழ்வுச் செடிகளை உருவாக்கித்தான் அதற்கு வழி பிறந்தது. கோதுமையின் சொந்தமான ரை என்ற தானியத்திலிருந்து வந்த ஒரு குரோமோசோம் துண்டு நோய் எதிர்ப்பையும் விளைச்சலையும் கொடுத்தது, பதிலுக்கு மாவைப் பிசுபிசுப்பாக்கியது. அதனால்தான் கலப்பினத்தை மறுபடியும் மறுபடியும் நல்ல கோதுமையோடு சேர்த்து, வேண்டாததை ஒவ்வொரு தலைமுறையாகக் கழிக்கிறார்கள். இப்போது மரபணு அடையாளங்களை நாற்றிலேயே சோதித்துவிட முடிவதால் வேலை சற்றுச் சுருங்கியிருக்கிறது. ஆனாலும் வருடக் கணக்கில் ஆகிற வேலைதான். இரண்டு மூன்று ஆண்டில் ரகம் கேட்கிறவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு முறை நோய் எதிர்ப்பு கொடுத்துவிட்டால் அது நிரந்தரமா?

இல்லை, இதில் யாரும் ஏமாந்துவிடக் கூடாது. மேலே சொன்ன ரை துண்டில் தண்டுத் துரு நோயை எதிர்க்கும் எஸ்ஆர்31 என்ற மரபணு இருந்தது. 1980-களில் சிம்மிட் வழியாக அது பல நாடுகளின் ரகங்களுக்குள் போய்ச் சேர்ந்தது, தண்டுத் துருவும் அடங்கிக் கிடந்தது. 1998-இல் உகாண்டாவில் அந்த மரபணு உள்ள கோதுமையிலேயே துரு பிடித்தது. அந்தப் பூஞ்சை வகைக்கு யுஜி99 என்று பெயர் வைத்தார்கள். கென்யா, எத்தியோப்பியா என்று போய், ஏமனையும் ஈரானையும் தொட்டது. துருப் பூஞ்சையின் வித்துகள் காற்றில் நாடு விட்டு நாடு போகும், எல்லையில் நிறுத்திவைக்க முடியாது. உலகமே ஒரே மரபணுவை நம்பினால், அது தோற்கும் நாளில் எல்லா வயலும் சேர்ந்து தோற்கும்.

சரி, பதில் எங்கிருந்து வந்தது? யுஜி99-ஐ எதிர்க்கும் இரண்டு மரபணுக்களை 2013-இல் பிரித்தெடுத்தார்கள். ஒன்று ஐன்கார்ன் என்ற பழங்காலக் கோதுமையிலிருந்து, மற்றொன்று அதே ஏஜிலாப்ஸ் டாஷியையிலிருந்து. இப்போது பல மரபணுக்களை ஒரே ரகத்தில் அடுக்குகிறார்கள், பூஞ்சை ஒன்றைத் தாண்டினாலும் அடுத்தது தடுக்கும். என் கருத்தில், புதிதாகக் கிடைக்கும் எதிர்ப்பு மரபணுவைத் தனியாக ஒரு ரகத்தில் போட்டு வெளியிடுவது அதை வீணாக்குவதற்குச் சமம்.

இதுவும் மரபணு மாற்றப் பயிர்தானா?

பெரும்பாலும் இல்லை. மகரந்தம் தடவி எடுக்கும் கலப்பு வழக்கமான பயிர் இனப்பெருக்கமாகவே கருதப்படுகிறது. ஆனால் பிரித்தெடுத்த மரபணுவை ஆய்வகத்தில் நேரடியாகக் கோதுமைக்குள் புகுத்தினால் அது மரபணு மாற்றப் பயிர். 2021-இல் ஐந்து துரு எதிர்ப்பு மரபணுக்களை ஒரே கோவையாகப் புகுத்திக் காட்டியது இந்த வகை.

நோய் எதிர்ப்பைத் தவிர வேறு பயன் உண்டா?

உண்டு. ஐன்கார்னிலிருந்து வந்த ஒரு மரபணு, வேரிலிருந்து இலைக்குப் போகும் சோடியத்தைத் தடுக்கிறது. ஆஸ்திரேலியாவில் அதைத் துரம் கோதுமையில் சேர்த்து உப்பு நிலத்தில் விதைத்தபோது, அந்த மரபணு இல்லாததைவிட 25 சதவீதம் வரை கூடுதலாக விளைந்ததாக 2012-இல் வெளியிட்டார்கள். எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது லைமஸ் ரேசிமோசஸ் என்ற மணற்புல். இதன் வேர் கசியும் பொருள்கள், உரத்தின் அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் மண் பாக்டீரியாக்களை அடக்குகின்றன. நைட்ரேட்டாக மாறினால்தானே மழைத் தண்ணீரோடு உரம் ஓடிப்போகும். அந்தப் புல்லின் குரோமோசோம் துண்டைச் சேர்த்த கோதுமையிலும் இந்தக் குணம் வேலை செய்வதாக 2021-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். போட்ட உரம் பயிருக்கே போகும், உரம் குறைவாகப் போட்டாலும் தாங்கும்.

விதை வங்கியில் சேமித்துவிட்டோமே, காட்டில் அழிந்தால் என்ன?

வங்கி அவசியம், அதில் சந்தேகமே இல்லை. சிரியாவின் அலெப்போ அருகே இருந்த, இக்கார்டா என்ற பன்னாட்டு வறண்ட நில வேளாண் ஆய்வு மையத்தின் விதை வங்கியைப் போரால் நடத்த முடியாமல் போனபோது, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவில் உள்ள விதைப் பெட்டகத்தில் முன்பே கொடுத்து வைத்திருந்த பிரதிகள்தான் கைகொடுத்தன. 2015-இல் அவற்றை எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். ஆனால் குளிர் அறையில் இருக்கும் விதை, எடுத்து வைத்த நாளின் குணத்தோடு அப்படியே நிற்கும். வெளியே பூஞ்சை மாறிக்கொண்டிருக்கும், வெயில் கூடிக்கொண்டிருக்கும், அவற்றோடு மல்லுக்கட்டி மாறிக்கொண்டிருப்பது மலைச்சரிவில் நிற்கும் செடி மட்டுமே. மேய்ச்சலும் கட்டடமும் அந்தச் சரிவுகளைத் தின்றுகொண்டிருக்கின்றன. ஆர்மேனியாவில் யெரெவான் நகரத்தை ஒட்டி, காட்டுக் கோதுமைகளுக்காகவே 1981-இல் எரெபூனி என்ற காப்பகத்தை அமைத்தார்கள். ஒன்றுக்கும் மேற்பட்ட காட்டுக் கோதுமை இனங்கள் அங்கே ஒரே சரிவில் தாமாக முளைத்து நிற்கின்றன. இப்படிப்பட்ட இடங்கள் இன்னும் பல வேண்டும், அதுவும் இனங்கள் தாமாக வளரும் சரிவுகளிலேயே வேண்டும்.