இந்தியர் முதலிடம்: அந்தப் பட்டியலை எப்படி வாசிப்பது?

வணக்கம்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் போட்டிருந்தான். அமெரிக்காவில் குடியேறிய ஆசியச் சமூகங்களின் குடும்ப வருமானம். இந்தியர்கள் முதலிடம், பர்மியர்கள் கடைசி. அமெரிக்கப் பொது வருமானத்தைவிட நம்மவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. "படிப்பு, சிக்கனம், குடும்பக் கட்டுக்கோப்பு, இதுதான் நம் பண்பாடு" என்று கீழே எழுதியிருந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு முழுச் சம்மதம் வரவில்லை, மறுக்கவும் தெரியவில்லை. என் மகள் புள்ளியியல் முதுகலை படிக்கிறாள். அமெரிக்க, மலேசிய, கனடியத் தமிழர்களின் பொருளாதார நிலையை ஒப்பிட்டு ஆய்வுக் கட்டுரை எழுத நினைக்கிறாள். அந்தப் பட்டியல் சரிதானா? இப்படி ஒப்பிடுவதற்கு முறை என்ன?

கே.எஸ்., ஈரோடு

அன்புள்ள கே.எஸ்.,

பட்டியலில் உள்ள எண்கள் சரி. அமெரிக்க மக்கள்தொகைத் துறையின் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து பியூ ஆய்வு மையம் 2019-ஆம் ஆண்டுக்குத் தொகுத்தவை அவை. இந்தியர் தலைமையிலான குடும்பங்களின் இடைநிலை வருமானம் (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம்) ஆண்டுக்கு 1,19,000 டாலர். மொத்த அமெரிக்கக் குடும்பங்களுக்கு 61,800. பர்மியர்களுக்கு 44,400. ஆனால் அந்த எண்களிலிருந்து உங்கள் அக்கா மகன் எடுத்த முடிவு தவறு. அந்தப் பட்டியல் முதன்மையாகக் காட்டுவது அமெரிக்கா யாரை எந்த வாசல் வழியாக உள்ளே விட்டது என்பதை.

1946 சட்டம் இந்தியர்களுக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 100 இடம். 1965-இல் நாட்டுவாரி ஒதுக்கீடு ஒழிந்து, தொழில்திறனும் குடும்ப உறவும் அளவுகோல்கள் ஆனபின்தான் மருத்துவர்களும் பொறியாளர்களும் போகத் தொடங்கினார்கள். 1990 சட்டம், தனித்திறன் வேலைகளுக்கு நிறுவனங்கள் எடுத்துத் தரும் எச்-1பி விசாவைக் கொண்டுவந்தது. இப்போது அதன் ஆண்டு வரம்பு 65,000, அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. ஒப்புதல்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தியர்களுக்குப் போகிறது. பட்டப்படிப்பும் கையில் வேலையும் இல்லாதவருக்கு அந்த வாசல் திறக்காது. அதற்கும் முன்னால் இங்கேயே இரண்டு கட்டம் இருக்கிறது: பள்ளிக்கு அனுப்ப வசதியுள்ள குடும்பத்தில் பிறப்பது, பிறகு நுழைவுத் தேர்வுகளில் தேறுவது. மூன்று முறை சலித்த மாவை எடுத்து வைத்துக்கொண்டு, சலிக்காத மாவோடு நயம் ஒப்பிடுகிறது அந்தப் பட்டியல். 2019-இல் 25 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்க இந்தியர்களில் 75 விழுக்காட்டினர் பட்டதாரிகள். மொத்த அமெரிக்கர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். இந்தியாவுக்குள் அந்த விகிதம் எங்கே நிற்கிறது என்று நமக்கே தெரியும். கடைசியில் இருக்கும் பர்மியர்களில் பெரும்பகுதியினர் தாய்லாந்து எல்லை முகாம்களிலும் மலேசியாவிலும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வந்த கரேன், சின் அகதிகள். அவர்களுக்குப் பண்பாடும் குடும்பப் பாசமும் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

உங்கள் மகள் எடுத்திருக்கும் தலைப்பு இந்த இடத்தில் மிகவும் பலமானது. மொழி ஒன்று, உணவு ஒன்று, பிள்ளைகள் படிக்கவேண்டும் என்ற தவிப்பும் ஒன்று. வாசல்கள் மட்டும் மூன்று. மலேசியாவுக்கு நம்மவர்கள் போனது ஒப்பந்தக் கூலிகளாக, பிறகு கங்காணி என்ற மேற்பார்வையாளர் ஊரிலிருந்து ஆள் திரட்டும் முறையில், ரப்பர் தோட்டங்களுக்கு. ஒப்பந்த முறை 1910-இல் நின்றது. கங்காணி வழி 1938-இல் அடைபட்டது. கனடாவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து உயிர் தப்பியவர்கள். 1986-இல் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீனவர்கள் மீட்ட 155 பேரும் அவர்களில் அடக்கம். அமெரிக்காவுக்குப் பெரும்பாலும் பட்டதாரிகள். பண்பாடுதான் காரணம் என்றால் மூன்று இடத்திலும் ஒரே விளைவு வந்திருக்கவேண்டும்.

மலேசியாவைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறையின் 2019 கணக்கெடுப்பில் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் சீனர்களுக்கு 7,391 ரிங்கிட், இந்தியர்களுக்கு 5,981, பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர்களும் பிற பூர்வகுடிகளும்) 5,420. நாட்டுக்கு மொத்தமாக 5,873. இதைக் காட்டி "இந்தியர்கள் நாட்டு நடுமட்டத்துக்கு மேலேதான் இருக்கிறார்கள், என்ன குறை?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் இரண்டு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள்.

முதலாவது இடம். அதே ஆண்டில் சிலாங்கூர் மாநிலத்தின் இடைநிலை வருமானம் 8,210 ரிங்கிட், கிளந்தானில் 3,563. இந்தியர்கள் சிலாங்கூர், பேராக், பினாங்கு, கோலாலம்பூர் என்று மேற்குக் கரை நகரங்களில் குவிந்திருக்கிறார்கள். கிளந்தானிலும் சபா, சரவாக்கின் உட்பகுதிகளிலும் இருப்போர் பெரும்பாலும் பூமிபுத்ராக்கள். ஆகவே நாடு முழுவதற்குமான ஒப்பீட்டில் கிள்ளானில் வாடகை கட்டும் லாரி ஓட்டுநரின் வருமானம், கிளந்தான் கிராமத்தில் சொந்த வீட்டில் இருக்கும் விவசாயியின் வருமானத்தோடு ஒப்பிடப்படுகிறது. சிலாங்கூருக்குள்ளேயே ஒப்பிட்டால்தான் நிலைமை தெரியும்.

இரண்டாவது, இடைநிலைக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளி. இந்தியர்களின் சராசரி 8,216. இடைநிலையைவிட 2,235 ரிங்கிட் அதிகம். மேலே வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் சராசரியைத் தூக்குகிறார்கள், கீழே காவலாளிகளும் துப்புரவுத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். தோட்டங்கள் செம்பனைக்கும், பிறகு வீட்டுமனைகளுக்கும் மாறியபோது லயத்தில், அதாவது தோட்டத்தின் வரிசை வீடுகளில், இருந்தவர்களுக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. வீடு தோட்ட நிர்வாகத்துடையது என்பதால் தலைமுறைகளாக உழைத்தும் கையில் சொத்து மிஞ்சவில்லை. இந்த இழப்பு எந்த மாத வருமானப் பட்டியலிலும் தெரியாது.

இதே இடக்குழப்பம் பிரிட்டனிலும் உண்டு. 2018-இல் அங்கே வெள்ளையருக்கும் மற்ற இனத்தவர் அனைவருக்கும் இடையே மணிக்கூலி வித்தியாசம் வெறும் 3.8 விழுக்காடு என்று தேசியப் புள்ளிவிவர அலுவலகம் கணக்கிட்டது. லண்டனை மட்டும் எடுத்தால் 21.7 விழுக்காடு. சிறுபான்மையினர் கூலி அதிகமுள்ள லண்டனில் குவிந்திருப்பதால் தேசிய எண் இடைவெளியை மறைத்துவிட்டது.

இனி முறை. முதலில் 'குடும்பம்' என்ற அலகு. ஒரே கூரையின் கீழ் மூன்று பேர் சம்பாதித்தால் வருமானம் கூடத்தான் செய்யும். அதனால் குடும்ப வருமானத்தை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்கவேண்டும். ஒரு கணக்குக்காக: நான்கு பேர் வீட்டில் 1,20,000 டாலர் என்றால் 2-ஆல் வகுத்து 60,000. இரண்டு பேர் வீட்டில் 90,000 என்றால் 1.414-ஆல் வகுத்து ஏறத்தாழ 63,600. பட்டியலில் கீழே இருந்த வீடு இப்போது மேலே வந்துவிடும். தலைக்கு இவ்வளவு என்று நேராக வகுப்பதும் தவறு, ஏனென்றால் சமையலறையும் வாடகையும் ஆளுக்கு ஒன்று ஆவதில்லை.

அடுத்தது வயது. இத்தாலிய, போலந்துப் பூர்வீகம் சொல்வோரில் ஓய்வூதியக்காரர்கள் நிறைய. எச்-1பி வழி வந்தவர்கள் உழைக்கும் வயதில் இருப்பவர்கள். குடும்பத் தலைவர் 25 முதல் 54 வயதுக்குள் இருக்கும் வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒப்பீடு நேராகும். பிறகு அதே மாநிலம், முடிந்தால் அதே பெருநகரம். அமெரிக்காவுக்கு மாநிலவாரி விலைவாசிக் குறியீடு உண்டு. நாட்டுச் சராசரி 100 என்றால் கலிஃபோர்னியா 110-க்கு மேல், மிசிசிப்பி 90-க்குக் கீழ். அந்தக் குறியீட்டால் வகுத்து 100-ஆல் பெருக்கவேண்டும்.

தயாராக அச்சிட்ட அட்டவணைகளில் இதையெல்லாம் செய்ய முடியாது. தனிநபர் பதிவுகள் வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐபம்ஸ் தளத்தில் பதிவுசெய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் எடை, அதாவது மாதிரியில் உள்ள ஒரு பதிவு மக்கள்தொகையில் எத்தனை பேருக்கு, அல்லது எத்தனை வீடுகளுக்கு, ஈடு என்ற எண். குடும்ப வருமானத்துக்கு ஒரு வீட்டுக்கு ஒரு வரி என்று வைத்துக் குடும்ப எடையைப் போடவேண்டும். ஆள் எடையை எல்லா வரிக்கும் போட்டால் பெரிய குடும்பங்கள் பலமுறை எண்ணப்பட்டு விடை கெட்டுவிடும். இன்னொன்று, அமெரிக்க மக்கள்தொகைத் துறையின் அந்தக் கணக்கெடுப்பு ஆண்டு முழுவதும் நடக்கிறது, கேட்கும் கேள்வி "கடந்த 12 மாத வருமானம்". அதனால் தரப்படும் பணவீக்கச் சரிக்கட்டலையும் போடவேண்டும்.

சிறிய சமூகங்களுக்குப் பிழை வரம்பை, அதாவது மாதிரியைக் கொண்டு கணிப்பதால் எண் எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பதை, பார்க்காமல் ஒரு வரியும் எழுதக்கூடாது. ஒரு சமூகத்துக்கு 62,000, பிழை 4,500. இன்னொன்றுக்கு 67,000, பிழை 3,800 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5,000. இரு பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் ஏறத்தாழ 5,890. வித்தியாசம் அதற்குள் அடங்குவதால், 90 விழுக்காட்டு நம்பக அளவில் யார் முன்னால் என்று சொல்ல இடமில்லை. இணையத்தில் சுற்றும் தரவரிசைகளில் அடுத்தடுத்த இடங்கள் பல இப்படிப்பட்டவைதான்.

யார் எந்தச் சமூகம் என்பதும் கேள்வி கேட்கும் விதத்தைப் பொறுத்தது. 1980-இல் ஆங்கிலப் பூர்வீகம் சொன்ன அமெரிக்கர்கள் 4 கோடியே 96 லட்சம் பேர். 1990-இல் அது 3 கோடியே 27 லட்சம் ஆகிவிட்டது. பத்தாண்டில் அத்தனை பேர் மறைந்துவிடவில்லை. படிவத்தில் கேள்விக்குக் கீழே கொடுக்கும் உதாரணங்களிலிருந்து 'ஆங்கிலேயர்' எடுக்கப்பட்டிருந்தது. நமக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்கப் படிவத்தின் இனக் கேள்வியில் 'ஏசியன் இந்தியன்' என்று ஒரு பெட்டி, தமிழருக்குத் தனிப் பெட்டி இல்லை. ஈழத்தமிழர் தனியாக எழுதவேண்டும். தமிழரைப் பிரித்தெடுக்க வீட்டில் பேசும் மொழி என்ற கேள்விதான் வழி. அதில் ஆங்கிலம் மட்டும் பேசும் இரண்டாம் தலைமுறை விட்டுப்போகும். கனடாவில் ஒரே குடும்பத்தில் ஒருவர் 'தமிழ்' என்றும் இன்னொருவர் 'இலங்கை' என்றும் எழுதுகிறார்கள். இரண்டையும் தாய்மொழியோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். இது சின்ன விஷயம் அல்ல. அமெரிக்க மெக்சிக்கர்களைப் பற்றிய ஆய்வுகளில், நன்றாகப் படித்து வேற்றினத்தில் மணம் முடித்தவர்களின் பிள்ளைகள் தம்மை மெக்சிக்கர் என்று குறிப்பது குறைகிறது என்று தெரியவந்தது. முன்னேறியவர்கள் கணக்கிலிருந்து கழன்றுகொள்வதால், மிச்சமுள்ள சமூகம் முன்னேறவே இல்லை என்பதுபோலத் தோன்றும்.

வருமானத்தோடு நிறுத்தினால் நலன் முழுமையாகத் தெரியாது. 2016-இல் வெளியான லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வு ஒன்றில் நிகரச் சொத்தின் (கடன் போக மிஞ்சுவது) இடைநிலை ஜப்பானியக் குடும்பங்களுக்கு 5,92,000 டாலர், இந்தியர்களுக்கு 4,60,000, கொரியர்களுக்கு 23,400. மாதிரி சிறியது. ஆனாலும் ஜப்பானியருக்கும் கொரியருக்கும் இடையே இப்படிப்பட்ட பள்ளம் வருமானப் பட்டியலில் இல்லை. சொத்து என்பது எப்போது வந்தார்கள், எப்போது வீடு வாங்கினார்கள் என்பதன் கணக்கு.

பாதுகாப்பும் நலன்தான். எந்த ஒரு நாட்டவருக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 விழுக்காடுதான் என்ற வரம்பினால், க்ரீன் கார்டு என்ற நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கான வரிசையில் பல ஆண்டுகள் நிற்கும் எச்-1பி இந்தியருக்கு வேலை போனால், வேறு வேலை தேட 60 நாள்தான் அவகாசம். அவர் துணைவருக்கு 2015 வரை வேலை செய்யவே அனுமதி இல்லை, அதற்குப் பிறகும் எல்லோருக்கும் இல்லை. அந்த வீட்டின் 1,20,000 டாலரும் குடியுரிமை உள்ளவர் வீட்டின் 1,20,000 டாலரும் ஒன்றல்ல என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் மகளுக்கு என் ஆலோசனை இதுதான். மூன்று நாட்டு எண்களையும் டாலருக்கு மாற்றி ஒரே பட்டியலில் போடவேண்டாம். ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டு இடைநிலைக்கு எத்தனை மடங்கு என்று எடுக்கட்டும். மேலே சொன்ன 2019 எண்களில் அமெரிக்க இந்தியர்களுக்கு 1.93, மலேசிய இந்தியர்களுக்கு 1.02. இரண்டிலும் தமிழரல்லாதோர் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை எழுதிவிடவேண்டும். மலேசிய இந்தியரில் பெரும்பாலோர் தமிழர், அமெரிக்காவில் அப்படி இல்லை. வருமான வரையறைகளையும் ஒத்துப் பார்க்கட்டும். அமெரிக்கா மக்கள் வாயால் சொல்வதைப் பதிகிறது. கனடா 2016 முதல் வரித் துறைப் பதிவுகளிலிருந்தே எடுக்கிறது. சொந்த வீட்டின் வாடகை மதிப்பை வருமானத்தில் சேர்க்கிறார்களா என்பதையும் வரையறைப் பக்கத்தில் பார்க்கவேண்டும், அமெரிக்கக் கணக்கில் அது இல்லை.

கடைசியாக, கனடியத் தமிழரை அமெரிக்கத் தமிழரோடு ஒப்பிடுவதைவிட, ஏறத்தாழ அதே காலத்தில் அகதிகளாகக் கனடா வந்த வியட்நாமியரோடு, டொராண்டோவுக்குள்ளேயே, ஒரே வயதுப் பிரிவில் ஒப்பிடச் சொல்லுங்கள். வாசல் ஒன்றாக இருக்கும்போதுதான் மற்றக் காரணங்களைப் பற்றிப் பேச இடம் கிடைக்கும். முதல் அத்தியாயத்தை அங்கிருந்து தொடங்கலாம்.