எத்தனை சதுர மீட்டர் பட்டம் வாங்குவது?

கேள்வி: என் எடை 70 கிலோ. பட்டத்தின் இழுப்பில் பலகைமேல் நின்று கடலில் ஓட்டும் கைட்சர்ஃபிங்கில் அடிப்படைப் பயிற்சி முடித்துவிட்டேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ராமேஸ்வரம் பக்கம் ஓட்ட விரும்புகிறேன். பயன்படுத்திய 12 சதுர மீட்டர் பட்டம் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. பெரியதாக இருந்தால் எல்லாக் காற்றுக்கும் ஆகும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். பாதி விலை என்ன, இலவசமாகக் கொடுத்தாலும் உங்கள் முதல் பட்டமாக அது வேண்டாம்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும். பட்டம் வாங்கும் முன் மனத்தில் பதிய வேண்டிய கணக்கு இதுதான். தண்ணீரில் சாதாரணப் பலகையோடு ஓட்டுபவருக்குத் தோராயமான வழி ஒன்று உண்டு: எடையைக் கிலோவில் எடுத்து 2.2-ஆல் பெருக்கி, காற்றின் வேகத்தால் (நாட் அளவில்; ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்) வகுத்தால் சதுர மீட்டர் கிடைக்கும். உங்களுக்கு 13 நாட் காற்றில் 12, 17 நாட்டில் 9, 22 நாட்டில் 7.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ராமேஸ்வரத்தில் 15 முதல் 25 நாட் வரை காற்று எழும். 13 நாட்டுக்குப் பொருத்தமான பட்டத்தை 22 நாட்டில் பறக்கவிட்டால் இழுப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. கைப்பிடியைத் தள்ளி விசையைக் குறைக்கலாம்தான். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை எட்டும்போது நீங்கள் கரையிலோ கல்லிலோ மோதாமல் இருப்பது அதிர்ஷ்டம். 'எல்லாக் காற்றுக்கும் ஆகும்' என்று புதியவரிடம் சொல்லி விற்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

9 சதுர மீட்டரில் தொடங்குங்கள். காற்று 20 நாட்டைத் தாண்டும் நாளில், பழகும் வரை கரையிலேயே இருங்கள். கை தேறிய பிறகு இரண்டாவதாக 7 வாங்கலாம். 12 தேவைப்படுவது காற்று தணிந்த நாட்களுக்கு. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நிலத்தில் பட்டம் இழுக்கும் சக்கரவண்டியோ சக்கரம் வைத்த நிலப்பலகையோ ஓட்டுவதாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. கெட்டித் தரையில் உராய்வு குறைவு என்பதால் ஏறக்குறைய பாதி அளவே போதும்.

பழையது எதை வாங்கினாலும் காற்றடைத்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் தளர்ந்திருந்தால் கசிவு இருக்கிறது. கயிறுகளை ஒரே முனையில் கட்டி இழுத்து நீளம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஆபத்தில் பட்டத்தை உங்களிடமிருந்து கழற்றிவிடும் அவசர விடுவிப்பு, சுமை இருக்கும்போதும் சட்டென்று கழல வேண்டும். இது ஒன்று சரியில்லை என்றாலும் பேரத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: 12 வயது மகளுக்குப் பழகுவதற்கு 3 சதுர மீட்டர் பட்டம் சரியா?

பதில்: பெரிது. சுமார் 1.5 சதுர மீட்டரில், கைப்பட்டையோடு வரும் பயிற்சிப் பட்டம் போதும். கைப்பிடியை விட்டதும் விசை இழந்து கீழே விழும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். 8 முதல் 12 நாட் காற்றே அவளுக்கு ஏற்றது. கயிறு 20 மீட்டர் வரை நீளும். அந்த வட்டத்துக்குள் ஆளோ மின்கம்பியோ இருக்கக் கூடாது. ஆகவே மாலை நேர மெரினா வேண்டவே வேண்டாம்.

கேள்வி: கைபேசி 15 நாட் என்கிறது, கடற்கரையில் வேறு மாதிரி வீசுகிறது. காற்றுமானி வாங்குவது வீண் செலவா?

பதில்: வீண் இல்லை. முன்னறிவிப்பு பல கிலோமீட்டர் பரப்புக்கான சராசரி. பகலில் எழும் கடற்காற்றையும், பனைக்கூட்டமும் கட்டடங்களும் கிளப்பும் சுழலையும் அது சரியாகப் பிடிப்பதில்லை. கைக்கடக்கமான காற்றுமானியை மறைப்பில்லாத இடத்தில், தலைக்கு மேல் உயர்த்திச் சில நிமிடங்கள் பிடியுங்கள். சராசரியை விட்டுவிட்டு உச்ச அளவைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ற பட்டத்தை எடுங்கள். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் 10 நாட் இடைவெளி இருந்தால் அன்று பட்டத்தை விரிக்காதீர்கள். வீச்சு நிலத்திலிருந்து கடல் நோக்கி இருந்தாலும் அப்படியே. கரை திரும்ப வழியிருக்காது.

வானிலை மையம் மீனவர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையையும் பாருங்கள். அது கிலோமீட்டரில் வரும், 1.85-ஆல் வகுத்தால் நாட். 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர்' என்றால் 24 முதல் 30 நாட். படகுகளே கரையேறி நிற்கும் அந்த நாளில், கையில் எந்த அளவுப் பட்டம் இருந்தாலும் கடலில் இறங்காதீர்கள்.