அம்மம்மாவின் குரலில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் அம்மம்மா போன கிழமை காலமானார். 31ஆம் நாள் அமுது விருந்துக்கு வரும் சொந்தங்களுக்குக் காட்ட ஒரு நினைவு வீடியோ செய்ய ஆசை. கல்லாற்று வீட்டில் இருந்த அல்பம் சுனாமியோடு போய்விட்டது. அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படமும், போனில் கொஞ்சமும்தான் மிச்சம். எப்படிச் செய்வது? (வாசகி, களுவாஞ்சிக்குடி)

பதில்: உங்கள் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன். செத்தவீட்டு அந்தரத்தில் செய்யாமல் 31ஆம் நாளுக்கு வைத்துக்கொண்டது நல்லது. படம் தேட மூன்று கிழமை இருக்கிறது.

2004 டிசம்பர் 26இல் நம் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் இப்படித்தான் போயின. ஆனால் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்குக் கடல் போகவில்லை. அந்தப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுடைய கலியாண, சாமத்திய வீட்டு அல்பங்களைப் பாருங்கள். பின்வரிசையில் எங்காவது அம்மம்மா நிற்பார். 2004க்கு முன்பே கனடா, சுவிஸ் போனவர்களிடமும் கேளுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும், ‘டொக்கியூமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அல்பத்தில் ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம். விறாந்தை வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் போடாமல், போனை நேர் மேலே பிடித்து எடுங்கள்.

அடையாள அட்டைப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் பண்ணுங்கள். திரை நிறையப் பெரிதாக்காமல், வெறும் பின்னணியின் நடுவில் சிறிதாகவே இருக்கட்டும். முகத்தைத் தெளிவாக்கித் தருகிற செயலிகள் பல நேரம் வேறு கண்ணையும் வேறு பல்லையும் வைத்துவிடும். பிள்ளைகளுக்கு அது அம்மாவின் முகமாகத் தெரியாது. மங்கலாக இருந்தாலும் அவருடைய முகமே போதும்.

படத்தைவிடப் பெரிய சொத்து அவருடைய குரல். பேரப்பிள்ளைகளின் போன்களில் வொய்ஸ் மெசேஜ் கிடக்கும். யாராவது அழிக்க முன்னர் இன்றைக்கே அவற்றை ஓரிடத்தில் சேமியுங்கள். “சாப்பிட்டயா மனே” என்று ஒரு வரி இருந்தாலும் வீடியோவை அதிலேயே தொடங்குங்கள். கறுப்புத் திரை, குரல் மட்டும், அதற்குப் பிறகு முதல் படம். அந்தக் குரலுக்கு அடியில் பாட்டுப் போடவே வேண்டாம்.

படம் போதாத இடத்தில் அவர் புழங்கிய பொருட்களை எடுங்கள்: வெற்றிலை வட்டா, பாக்குவெட்டி, பின்னிவைத்த பாய். போனைப் படுக்கையாகப் பிடித்து, அசைக்காமல் பத்துப் பத்து விநாடி. பாக்குவெட்டியின் பிடியில் அவர் விரல் தேய்த்த வழுவழுப்பு தெரிகிற அளவுக்குக் கிட்டப் போங்கள். சவப்பெட்டிக்குள் கிடத்திய படங்களைச் சேர்க்காதீர்கள். அதைப் பார்த்தவர்கள் பார்த்ததே போதும்.

ஒரு படத்துக்கு ஆறு விநாடி வைத்தால் 40 படத்துக்கு நான்கு நிமிடம். குரல், பொருட்கள் எல்லாம் சேர்த்து ஆறு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

அப்புறம், அமுது பெரும்பாலும் பகலில்தான். பந்தல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் வெளிறிவிடும், பெரிய டிவியை மறைப்பான இடத்தில் வையுங்கள். எம்பி4 கோப்பாகப் பென் டிரைவில் ஏற்றி, முதல் நாளே அதே டிவியில், அதே ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். படம் தேடித் தந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள்.