கழுத்தில் கிடந்து தலைக்கு ஏறும் லேஸ்: கடிதமும் பதிலும்

வணக்கம்ங்க,

வால்பாறையில் இருக்கும் அம்மாயிக்காகக் ஊசியில் குழாய் மாதிரி ஒரு லேஸ் (ஓட்டை ஓட்டையான பின்னல்) பின்னினேன். சும்மா இருக்கையில் கழுத்தில் சுருண்டு கிடக்கணும், குளிர் ஏறினால் பின்பக்கத்தை இழுத்துத் தலையில் போட்டுக்கணும் என்று யோசனை. திருப்பூரிலிருந்து 30 நம்பர் கோன் நூல் கிடைத்தது. இழைகளைச் சேர்த்து 108 கண்ணியில் (கண்ணி என்பது ஊசியில் நிற்கும் நூல் வளையம்) அலைப் பின்னல் போட்டேன். ஒருதரம் துவைத்ததும் நீண்டு தொங்குகிறது, தலையில் போட்டால் கண்ணை மறைக்கிறது. தொடக்க ஓரத்திலோ தலை நுழையவே மாட்டேன் என்கிறது. ஓட்டை வரிசைக்கு மேலே வரவேண்டிய மேட்டு வரி கீழே வந்திருக்கிறது. எங்கே தப்பு?

வாசகி, உடுமலை

அன்புள்ள வாசகிக்கு,

பெரிய தப்பு நூலில்தான். 30 நம்பர் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜச் சிட்டம் (நூல் கட்டு) முப்பது. கிராமுக்கு ஏறத்தாழ 51 மீட்டர். இந்தக் குழாய்க்குக் கிராமுக்கு 4 மீட்டர் ஓடும் தடிமன் வேண்டும், அதாவது 12 இழை சேர வேண்டும். பனியன் துணிக்குப் போகும் நூல் ஒற்றை இழை, முறுக்கும் குறைவு. அப்படிப் பன்னிரண்டு இழை ஊசியில் ஒன்றாக நிற்காது. முனை ஒன்பதைப் பிடித்து மூன்றை விட்டுவிடும். அதைச் சமாளித்தாலும் பருத்திக்கு மீள்தன்மை குறைவு. நனைந்தால் தன் எடையிலேயே நீளும், நீண்டது திரும்பாது. லேஸில் பாதி இடம் ஓட்டை, தாங்கிப் பிடிக்கத் துணி ஏது? உச்சந்தலையில் நிற்க வேண்டிய பொருளுக்குக் கம்பளிதான் சரி.

கடையில் ‘உல்லன்’ என்று கொடுப்பதில் நிறைய அக்ரிலிக். ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் அக்ரிலிக். அது தண்ணீரில் நனைத்து விரித்தால் வடிவம் பிடிக்காது.

100 கிராமுக்கு 400 மீட்டர் ஓடும் கம்பளி நூல் 100 கிராம் வாங்குங்கள், முக்கால்வாசி செலவாகும். ஊசி 4 மி.மீ., கேபிள் சேர்த்து 40 செ.மீ. நீள வட்ட ஊசி. 60 செ.மீ. ஊசியில் கண்ணிகள் சுற்றி வந்து சேர இழுபடும். 126 கண்ணி, அதாவது அலை வடிவம் ஒருமுறை முடியும் 18 கண்ணிக் கட்டம் ஏழு. துவைத்து விரித்தபின் கட்டம் ஒன்று 9 செ.மீ. அகலம் வந்தால் சுற்றளவு 63 செ.மீ. அம்மாயி கொண்டை போடுபவராக இருந்தால் எட்டுக் கட்டம், 144 கண்ணி.

முதலில் 36 கண்ணியில் ஒரு மாதிரி பின்னி, துவைத்து, ஊசி குத்திக் காயவைத்து அளந்துவிடுங்கள். கட்டம் 8 செ.மீ.தான் வந்தால் 4.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். இந்த மாதிரியைச் சோம்பலில் விடுகிறவர்கள்தான் முழுசையும் பிரிக்கிறார்கள்.

அலைப் பின்னல் ஷெட்லாந்துத் தீவுகளின் பழைய வடிவம், நாலு சுற்று. முதல் இரண்டும் நிட் (நேர்ப் பின்னல்). மூன்றாவதில், இரண்டிரண்டாகச் சேர்த்து நிட் மூன்று முறை; ‘ஊசிமேல் நூல் (நூலை ஊசிமேல் ஒரு சுற்றுப் போடுவது, ஓட்டை விழுவது இதனால்தான்), ஒரு நிட்’ ஆறு முறை; மறுபடி இரண்டிரண்டாக மூன்று முறை. ஆறு குறைந்து ஆறு கூடுவதால் கட்டம் 18 ஆகவே நிற்கும். நாலாவது முழுக்கப் பர்ல் (எதிர்ப் பின்னல்), மேட்டு வரி இதுதான்.

உங்கள் மேட்டு வரி இடம் மாறியது இங்கேதான். திருப்பித் திருப்பிப் பின்னும்போது இரண்டாம் வரி பர்ல், நாலாம் வரி நிட், ஏனென்றால் அவை பின்பக்கத்தில் விழுகின்றன. வட்டத்தில் பின்பக்கமே கிடையாது. இரண்டையும் மாற்றிப் போட வேண்டும். நீங்கள் தட்டைப் பின்னல் குறிப்பை அப்படியே வட்டத்தில் ஓட்டியிருக்கிறீர்கள்.

தொடக்க ஓரத்தை 5 மி.மீ. ஊசியில் தளர்வாகப் போட்டுவிட்டு 4 மி.மீ.க்கு மாறுங்கள். முதல் இரண்டு வரியைத் தட்டையாகப் பின்னி (முதல் வரி முழுக்க நிட், இரண்டாவது முழுக்கப் பர்ல்), மூன்றாவதில் வட்டமாகச் சேருங்கள். வெறும் தொடக்க ஓரம் கயிறு போல முறுக்கிக்கொள்ளும். முறுக்கோடு சேர்த்துவிட்டால் பிரிப்பதைத் தவிர வழியில்லை. இரண்டு வரி இருந்தால் எது மேல், எது கீழ் என்று கண்ணுக்குத் தெரியும். அந்தச் சிறு இடைவெளியைத் தொங்கும் நூலால் தைத்துவிடலாம்.

கட்டத்துக்குக் கட்டம் மார்க்கர் (ஊசியில் கோக்கும் அடையாள வளையம்) போடுங்கள். நாலாம் சுற்றில் எங்காவது 17 வந்தால், ஊசிமேல் நூல் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அந்த இடத்தில் இரண்டு கண்ணிக்கு நடுவே ஓடும் நூலைத் தூக்கி ஊசியில் போட்டால் போதும். 16 சுற்றுக்கு ஒருமுறை எல்லாக் கண்ணிக்குள்ளும் வேறு நிறத் தையல் நூல் ஓட்டி வைத்தால், பிரிக்க நேரும்போது அங்கே வந்து நிற்கும். மார்க்கருக்குள் மட்டும் அது போகக் கூடாது.

உயரம் 50 செ.மீ., அந்த நாலு சுற்றும் கிட்டத்தட்ட 33 முறை. முடிக்கையில் இரண்டு கண்ணியைப் பின்புறமாகச் சேர்த்து ஒன்றாக நிட் செய்து, வந்த கண்ணியை இடது ஊசிக்கே திருப்பி, அடுத்ததோடு சேர்த்து மறுபடி, இப்படியே கடைசிவரை. இந்த ஓரம் நன்றாக இழுபடும். பிறகு வெதுவெதுப்புக்கும் குறைவான நீரில் 20 நிமிடம் ஊறட்டும். கசக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, பாய்மேல் விரித்து, அலை முனைகளில் மட்டும் துருப்பிடிக்காத ஊசி குத்துங்கள். வெந்நீரும் தேய்ப்பும் சேர்ந்தால் கம்பளி சுருங்கிக் கெட்டியாகிவிடும்.

இந்தக் குழாய் வடிவம் அலாஸ்காவில் ‘நாச்சாக்’ என்ற பெயரில் உண்டு. 1969-ல் தொடங்கிய ஊமிங்மாக் கூட்டுறவு கஸ்தூரி எருதின் உள்மயிரில் அதைப் பின்னி விற்கிறது.

உங்களுக்கே ஒன்று வேண்டுமென்றால், உடுமலையில் ஆடிக் காற்றுக்கு இத்தனை தேவையில்லை. தறிக்காரர்களிடம் கிடைக்கும் 2/20 முறுக்கு நூலை (20 நம்பர் பருத்தி இழை இரண்டை முறுக்கிச் சேர்த்தது) நாலு இழை சேர்த்து, 108 கண்ணியில் 25 செ.மீ. உயரம் கழுத்துக்கு மட்டும் போடுங்கள். முனை தொங்காததால் வண்டிச் சக்கரத்தில் துப்பட்டா போல மாட்டாது.

பின்னியதையும் வீணாக்க வேண்டாம். முடிவு ஓரத்திலிருந்து பிரித்து உயரத்தைக் குறையுங்கள். இறுகிய ஓரத்துக்கு, ஐந்தாம் சுற்றில் ஒரு கண்ணியை வெட்டி, அந்தச் சுற்றின் நூலை முழுக்க உருவுங்கள். மேல்பக்கம் நிற்கும் கண்ணிகளை ஊசியில் எடுத்துத் தளர்வாக முடித்துவிடலாம். அடுத்த முறை துவைத்தால் கொடியில் போடாதீர்கள், பாயில் காயட்டும்.